உயிருள்ள ஈடு

வீடு மந்திரிக்க வரும்படி பங்குமக்கள் அழைப்பது ஒரு பங்குப்பணியாளனுக்குப் புதிதன்று. வாசலில் தோரணம், கூடத்தில் இயேசுவின் திருஇருதயப் படம், கூடிநிற்கும் சுற்றத்தார் ஆகியவற்றை எதிர்பார்த்தே செல்வோம். அண்மையில் ஓர் இல்லத்தினர் என்னை அழைத்தபோது இவற்றில் ஒன்றும் அங்கில்லை. வீடும் புதியதன்று. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வங்கிக் கடனில் கட்டியது. எனக்கு முன்னிருந்த பங்குத்தந்தை அன்றே மந்திரித்தது. கணவர் மிதிவண்டி பழுதுபார்ப்பவர். மனைவி தையல் தைப்பவர். மேசைமீது வெள்ளைத் துணி விரித்து, பாடுபட்ட சுரூபத்தின்முன் ஒரு பழைய உறையை வைத்திருந்தார்கள். "வீட்டை இல்லை சாமி, இந்தப் பத்திரத்தை மந்திரிக்க வேண்டும்" என்றார் இல்லத்தலைவி. தவணைக்காலம் முடிய இரண்டு ஆண்டுகளுக்குமேல் இருக்கும்போதே கடனை அடைத்துப் பத்திரத்தை மீட்டுவந்திருந்தனர்.

செபம் முடிந்தபின் அவர் தம் கணக்கு நோட்டுகளைக் காட்டினார். பிள்ளைகளின் பழைய பள்ளி நோட்டுகளில் எழுதாமல் விட்ட தாள்களைச் சேர்த்துத் தைத்தவை. பால், மண்ணெண்ணெய், சோப்பு, பேருந்துச் செலவு என ஒவ்வொரு நாளும் எழுதப்பட்டிருந்தது. மாதக் கடைசியில் சில நாள்கள் பால் என்னும் சொல் இராது. அந்த நாள்களில் கடுங்காப்பி. அந்நோட்டுகளில் நான் கண்ட வேறொன்றைக் கடைசியில் சொல்கிறேன். வீடு திரும்பும்போது என் மனத்தில் எழுந்த கேள்வி இதுதான்: ஈடுவைத்த வீட்டை மீட்பதற்காக மனிதர் வாயைக்கட்டி வயிற்றைக்கட்டி வாழ்வதற்கு ஒரு வரலாறு உண்டா? அந்த வரலாற்றில் திருச்சபைக்கு என்ன பங்கு?

வரலாறு உண்டு. அதன் மிகப்பழைய ஏடுகளுள் ஒன்று நம் திருவிவிலியத்திலேயே இருக்கிறது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதி. பாபிலோனிய அடிமைத்தனத்திலிருந்து மீண்டோர் எருசலேமின் மதிலைக் கட்டிக்கொண்டிருக்கின்றனர். அந்தப் புனிதப் பணியின் நடுவே ஒரு கூக்குரல் கேட்கிறது. பஞ்சத்தில் தானியம் வாங்குவதற்காக வயல்களையும் திராட்சைத் தோட்டங்களையும் வீடுகளையும் அடைமானம் வைத்துவிட்டோம், அரசனுக்கு வரி கட்டக் கடன் வாங்கினோம், பிள்ளைகளை அடிமைகளாக்க வேண்டியதாயிற்று என்று எளியோர் முறையிடுகின்றனர். கடன் கொடுத்தவர் அந்நியர் அல்லர், உடன்பிறந்த யூதரே. நெகேமியா நூலின் ஐந்தாம் அதிகாரம் இதனைக் கூறுகிறது. ஆளுநரான நெகேமியா சினங்கொண்டு தலைவர்களைக் கூட்டி, வயலையும் வீட்டையும் திருப்பித் தருமாறு பணிக்கிறார். அப்படிப் பணிக்கும்போது, தாமும் தம் உறவினரும் பணமும் தானியமும் கடனாகக் கொடுத்துவந்ததை மறைக்காமல் கூறிவிட்டே பணிக்கிறார். பிறரைத் திருத்த எழுந்தவர் தம் பெயரையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டார். தாம் ஆளுநராயிருந்த பன்னிரண்டு ஆண்டுகளும் அப்பதவிக்குரிய உணவுப்படியைப் பெறவில்லை என்றும் அதே அதிகாரம் குறிக்கிறது. ஆளுவோர் தம்மீது சுமத்திக்கொண்ட சிக்கனத்துக்கு இஃது ஓர் அரிய சான்று.

லேவியர் நூலின் இருபத்தைந்தாம் அதிகாரத்தில் உள்ள யூபிலிச் சட்டத்தையும் இங்கு நினைத்துப்பார்க்க வேண்டும். ஐம்பதாம் ஆண்டில் நிலம் அதன் பழைய குடும்பத்துக்கே திரும்பும். அதற்குமுன் ஒருவர் மீட்க விரும்பினால், வாங்கியவர் அனுபவித்த ஆண்டுகளின் விளைச்சலைக் கழித்துவிட்டு மீதித்தொகையைக் கொடுத்தால் போதும். அதாவது அனுபவித்த விளைச்சல் கணக்கில் சேரும். இந்தச் சிறு விதியை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் திருச்சபை இதே கேள்வியின்மேல்தான் வழக்காட வேண்டியிருந்தது.

அடைமானக் கடனுக்கு ஆங்கிலத்தில் 'மார்ட்கேஜ்' என்று பெயர். இது பழைய பிரெஞ்சுச் சொல். பொருள், 'இறந்த ஈடு'. இடைக்கால ஐரோப்பாவில் ஈடு இரண்டு வகையாக இருந்தது. கடன் கொடுத்தவர் நிலத்தைத் தம் கையில் வைத்துக்கொண்டு பயிரிடுவார். ஆண்டுதோறும் அவர் எடுக்கும் விளைச்சலின் மதிப்பு அசலில் கழிந்துவந்தால் அது உயிருள்ள ஈடு. ஒரு நாள் கடன் தானே தீரும். நிலம் உரியவரிடம் திரும்பும். விளைச்சல் முழுவதையும் கடன் கொடுத்தவர் எடுத்துக்கொள்ள, அசல் குறையாமல் அப்படியே நின்றால் அது இறந்த ஈடு. கடன்பட்டவர் எத்தனை ஆண்டு காத்திருந்தாலும் முழு அசலையும் ஒரே தொகையாகக் கொண்டுவந்து வைத்தாலன்றி நிலத்தைக் காண முடியாது.

நம் நாட்டவருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஒற்றி என்றும் போக்கியம் என்றும் நம் ஊர்களில் வழங்குவது பெரும்பாலும் இதுவே. பணத்துக்கு வட்டி இல்லை, வீட்டுக்கு வாடகை இல்லை என்று சொல்லிக்கொள்வோம். கேட்பதற்கு இருவருக்கும் நியாயமாகவே தோன்றும். ஆனால் முப்பது ஆண்டு விளைச்சலை எடுத்தபின்னும் அசல் ஒரு காசும் குறைவதில்லை. ஒற்றிவைத்த நிலத்தை மீட்கத் தலைமுறை தாண்டிய குடும்பங்கள் நம் பங்குகள் பலவற்றில் உண்டு.

பன்னிரண்டாம் நூற்றாண்டு பிரான்சில் இத்தகைய இறந்த ஈட்டைப் பிடித்தவர்களுள் துறவற மடங்களும் இருந்தன என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அக்காலத்தில் மடங்களிடம் பணம் இருந்தது. வீரர்களிடமும் குடியானவர்களிடமும் நிலம் இருந்தது. 1163-இல் தூர் நகரில் திருத்தந்தை மூன்றாம் அலெக்சாந்தரின் தலைமையில் கூடிய சங்கம் இதனைக் கண்டித்தது. ஈடாகப் பெற்ற நிலத்தின் விளைச்சலிலிருந்து, செலவு போக, அசல் முழுவதும் கிடைத்துவிட்டால் நிலத்தை உரியவரிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று திருநிலையினருக்கு அது கட்டளையிட்டது. அந்நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்ட கிளான்வில் என்னும் ஆங்கிலச் சட்டநூலும் இறந்த ஈட்டை வட்டிக்கொடுமையின் ஒரு வகையென்றே எண்ணியது; ஆயினும் அரச மன்றம் அதனைத் தடைசெய்யவில்லை. திருச்சபையின் வட்டித்தடையைப் பழங்காலப் பிடிவாதம் என்று பலர் எள்ளுவதுண்டு. ஏழையின் உழைப்பு அவனுடைய கடனைக் குறைக்க வேண்டும் என்னும் எளிய நீதி அதன் உள்ளே இருந்ததை அவர்கள் காண்பதில்லை.

கண்டிப்பது மட்டும் போதாது என்பதை அடுத்த தலைமுறைகள் உணர்ந்தன. 1462-இல் இத்தாலியின் பெரூஜா நகரில் பிரான்சிஸ்கன் துறவியரின் தூண்டுதலால் 'மோந்தே தி பியத்தா' என்னும் இரக்க நிதியகம் ஒன்று எழுந்தது. கொடையாகத் திரட்டிய பணத்திலிருந்து, பொருளை ஈடாகப் பெற்று, எளியோருக்குச் சிறுகடன் கொடுத்தார்கள். அலுவலகச் செலவுக்காகச் சிறிது வட்டி வாங்கினார்கள். அதுவும் பாவமே என்று வேறு துறவு சபைகளின் இறையியலார் வாதிட்டனர். அரை நூற்றாண்டுப் பூசலுக்குப்பின், 1515-இல் ஐந்தாம் இலாத்தரன் சங்கத்தில் திருத்தந்தை பத்தாம் சிங்கராயர் இந்நிதியகங்களுக்கு ஒப்புதல் அளித்தார். இதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது வரலாறாகாது. இவற்றுக்காக ஊரூராகப் போதித்த சிலர், பெல்த்ரே நகர் பெர்னார்தீனோ போன்றோர், வட்டிக்கொடுமையைச் சாடுவதாகச் சொல்லி யூதர்மீது வெறுப்பை வளர்த்தனர். ஏழைமீது கொண்ட இரக்கம் மற்றொருவர்மீது பகையாய் மாறும்போது அது நற்செய்தியின் இரக்கமாகாது.

வீடு கட்டுவதற்கென்றே எளிய மக்கள் கூடிச் சேமித்த முதல் முயற்சியைக் காண இங்கிலாந்துக்குச் செல்ல வேண்டும். 1775-இல் பர்மிங்காம் நகரில் ரிச்சர்ட் கெட்லி என்பவரின் மதுவிடுதியில் ஒரு சங்கம் தொடங்கியது. உறுப்பினர் மாதந்தோறும் சந்தா கட்டுவர். தொகை திரண்டதும் ஒருவருக்கு வீடு. அவர் தொடர்ந்து சந்தா கட்டுவார். மீண்டும் தொகை திரண்டதும் அடுத்தவருக்கு வீடு. கடைசி உறுப்பினருக்கும் வீடு கிடைத்தபின் சங்கம் கலைந்துவிடும். நம் சீட்டு முறையை அறிந்தவருக்கு இது பழகிய முகமாகத் தோன்றும். வீட்டுக்கான சேமிப்பு மதுவிடுதியில் பிறந்தது வியப்பூட்டினாலும் கூலிக்காரர் கூடுவதற்கு அன்று வேறு இடம் இல்லை. நம் கோயில் முற்றங்கள் அந்த இடத்தைத் தந்திருக்கின்றனவா என்று கேட்டுக்கொள்வது நலம். இத்தகைய சங்கங்கள் பிற்காலத்தில் கலையாமல் நிலைத்து நடக்கலாயின. சென்னையில் 1850-ஐ ஒட்டித் தோன்றிய நிதிகளுக்கும் இவை முன்மாதிரியாயின. மயிலாப்பூரில் 1872-இல் தொடங்கிய நிதியின் பெயரில் 'நிரந்தர' என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல் ஒட்டியிருப்பதன் காரணம் இந்த வரலாற்றில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் இம்முறை 1831-இல் பிலடெல்பியாவை அடுத்த பிராங்போர்டு என்னும் சிற்றூரில் தொடங்கியது. அங்கே முதல் கடனாகிய 375 டாலரைப் பெற்றவர் கோம்லி ரிச் என்னும் தெருவிளக்கு ஏற்றுபவர். அந்த நாட்டின் வீட்டுக்கடன் வரலாறே அவரிடமிருந்து தொடங்குவதாக எழுதுவார்கள். ஆனால் அவரால் தவணைகளை ஒழுங்காகக் கட்ட இயலவில்லை. கடன் வேறொருவர் பொறுப்புக்கு மாறியது. பெருமையோடு எழுதப்படும் வரலாற்றின் முதல் ஏட்டிலேயே ஒரு தோல்வி. ஊரார் தெருவுக்கெல்லாம் விளக்கேற்றியவர், தம் வீட்டைக் காத்துக்கொள்ள முடியவில்லை. அவர் சிக்கனமாக வாழவில்லை என்று சொல்ல நம்மிடம் சான்று ஏதுமில்லை. தனியொருவனின் சிக்கனத்துக்கு ஓர் எல்லை உண்டு; நோயும் வேலையின்மையும் அந்த எல்லையை ஒரே மாதத்தில் உடைத்துவிடும். தனித்து நிற்பவன் விழுவான். உடன் நிற்பவர் யார் என்பதே அடுத்த நூற்றாண்டின் கேள்வியாயிற்று.

அக்கேள்விக்குச் செர்மனியில் விடை தேடியவர் பிரீட்ரிக் வில்ஹெல்ம் ரைஃபைசன் (1818-1888). சிற்றூர்களின் தலைவராய்ப் பணியாற்றிய இவர், ஆழ்ந்த பக்தியுள்ள புரோட்டஸ்டண்டு கிறித்தவர். முதலில் செல்வரிடம் கொடை திரட்டி ஏழைகளுக்கு உதவினார். கொடை விரைவில் வற்றும் என்பதைக் கண்டார். 1864-இல் ஹெட்டெஸ்டார்ஃப் என்னும் ஊரில், கடன் பெறுவோரே உறுப்பினராகவும் ஒருவர் கடனுக்கு அனைவரும் பொறுப்பாகவும் உள்ள சங்கத்தை அமைத்தார். எல்லை சிறியதாக, ஏறத்தாழ ஒரு பங்கின் அளவினதாக இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஒருவரையொருவர் முகமறிந்தால்தான் நம்பிக்கை ஈடாக நிற்கும்.

இதனைக் கத்தோலிக்க மண்ணில் பயிரிட்டவர் கனடாவின் கியூபெக் மாநிலத்து அல்போன்ஸ் தேஜார்தன். 1900 டிசம்பரில் லெவி என்னும் ஊரில் பங்கை எல்லையாகக் கொண்டு மக்கள் நிதியகத்தை நிறுவினார். 1901 சனவரியில் பணம் பெறத் தொடங்கிய நாளில் முதலில் வந்த தொகை 10 சென்ட். அன்று மாலைவரை சேர்ந்தது 26 டாலர் 40 சென்ட். அவர் பாராளுமன்றச் சுருக்கெழுத்துப் பணிக்காக ஒட்டாவாவில் இருந்த மாதங்களில், வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு நிதியகத்தையும் நடத்தியவர் அவர் துணைவியார் தொரிமேன். அதற்குரிய சட்டம் 1906-இல் நிறைவேறும்வரை, நிதியகம் கவிழ்ந்தால் தம் குடும்பமே அழியும் என்னும் அச்சத்தோடு அவர் வாழ்ந்தார். சேமிப்பின் வரலாற்றில் பெண்களின் பெயர் அடிக்குறிப்பில்தான் வருகிறது. கணக்கு எழுதிய கை பெரும்பாலும் அவர்களுடையதே.

இனி, நான் பலமுறை படித்து வியந்த ஒரு நிகழ்ச்சிக்கு வருகிறேன். கனடாவின் கிழக்குக் கரையில் நோவா ஸ்கோஷியா மாநிலம். அருள்தந்தை ஜேம்ஸ் டாம்கின்ஸ் (1870-1953) அங்கே ஆன்டிகனிஷ் நகரின் புனித பிரான்சிஸ் சவேரியார் பல்கலைக்கழகத்தில் துணைத்தலைவர். படிப்பு மக்களிடம் செல்ல வேண்டும் என்று 1921-இல் சிறுநூல் எழுதியவர். பல்கலைக்கழக இணைப்பு பற்றிய கருத்து வேறுபாட்டில் ஆயரோடு மாறுபட்டதால், 1922-இன் இறுதியில் கான்சோ என்னும் வறிய மீனவர் பங்குக்கு அனுப்பப்பட்டார். அப்போது அவருக்கு வயது 52. அந்த வயதில் மாற்றலாகிச் செல்வதன் சுவை குருக்களாகிய எங்களுக்குத் தெரியும். அவர் அங்கே முணுமுணுத்துக்கொண்டிருக்கவில்லை. மீனவரைச் சிறுசிறு குழுக்களாக அமர்த்திப் படிக்கச் செய்தார். 1928-இல் அப்பல்கலைக்கழகம் மக்களுக்கான விரிவாக்கத் துறையைத் தொடங்கியது; அவர் உறவினரான அருள்தந்தை மோசஸ் கோடி அதன் இயக்குநரானார். 1932-இல் மாநிலத்தில் கடன் சங்கங்களுக்கான சட்டம் வந்தது.

1935-இல் டாம்கின்ஸ் கேப் பிரெட்டன் தீவில் ரிசர்வ் மைன்ஸ் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊருக்குப் பங்குத்தந்தையாக வந்தார். சுரங்க ஊர்களில் தொழிலாளரின் நிலை நெடுங்காலமாக இரங்கத்தக்கதாக இருந்தது. சுரங்கமும் வீடும் கம்பெனியுடையவை. 1925-இன் பெரும் வேலைநிறுத்தம்வரை கடையும் கம்பெனியுடையதே. வாடகையும் கடைப்பாக்கியும் மருத்துவர் கட்டணமும் சம்பளத்திலேயே பிடிக்கப்பட்டு, கையில் ஒன்றும் வராத சம்பளச் சீட்டும் உண்டு. அங்கே ஒரு குடும்பம் எவ்வளவு சிக்கனமாக வாழ்ந்தாலும் மிச்சம் வேறொருவர் கணக்கில்தான் சேரும். வீட்டுக்கு எத்தனை ஆண்டு வாடகை கொடுத்தாலும் ஒரு செங்கல்கூடச் சொந்தமாகாது. தூர் சங்கம் கண்டித்த இறந்த ஈடு வேறு உடையில் அங்கே நடமாடியது.

புதிய பங்குத்தந்தை செய்த முதற்காரியங்களுள் ஒன்று, தம் குருமனையில் நூலகம் திறந்தது. சுரங்கத் தொழிலாளர் சிலர் வீடு பற்றிப் பேசத் தொடங்கினர். மாநில வீட்டுவசதி ஆணையம் வீட்டின் மதிப்பில் முக்கால் பங்கை நீண்ட தவணையில் கடனாகக் கொடுக்கும். மீதிக் கால்பங்கை அவர்கள் கொண்டுவர வேண்டும். அவர்களிடம் அது இல்லை. நியூயார்க்கில் கூட்டுறவுப் பணியில் அனுபவம் பெற்ற மேரி ஆர்னல்ட் என்னும் பெண்மணி 1937-இல் வந்து அவர்களுக்கு வழிகாட்டினார். அவர்கள் உடனே கடப்பாரையை எடுக்கவில்லை. மாதக்கணக்கில் வாரந்தோறும் கூடிப் படித்தனர். அடைமானம் என்றால் என்ன, வட்டி எப்படி ஏறுகிறது, வரி எவ்வளவு, ஒரு சுரங்கத் தொழிலாளியின் வருவாயில் எவ்வளவு தவணை தாங்கும் என்று கணக்கிட்டனர். வீட்டின் அமைப்பை அட்டையில் மாதிரி செய்து பார்த்தார்கள். அடுப்படி எங்கே இருக்க வேண்டும் என்று மனைவியர் வாதிட்டனர். இறுதியில், தங்களிடம் இல்லாத கால்பங்குப் பணத்துக்குத் தங்கள் உடலுழைப்பையே முக்கியப் பங்காக வைத்தனர். ஆணையம் அதை ஏற்றது. 1938-இல், சுரங்கத்தில் வேலை முடிந்தபின் எஞ்சிய நேரத்தில், தாங்களே கட்டி முடித்த பதினொரு வீடுகளைக் கொண்ட குடியிருப்பு எழுந்தது. அதற்கு டாம்கின்ஸ்வில் என்று தங்கள் பங்குத்தந்தையின் பெயரையே இட்டனர்.

இத்திட்டத்தில் ஒரு நுட்பம் உண்டு. அடைமானக் கடன் தனித்தனி வீட்டின்மேல் இல்லை. சங்கத்தின் பெயரில் இருந்தது. கடன் முழுவதும் தீர்ந்தபின்தான் பத்திரம் அவரவர் கைக்கு வரும். ஒரு வீட்டில் நோய் வந்தால் மற்றவர்களுக்கு அது தெரிய வேண்டும். தெரிந்தால் தாங்க வேண்டும். பிராங்போர்டின் விளக்கேற்றுபவருக்குக் கிடைக்காதது இந்தப் பதினொரு குடும்பங்களுக்குக் கிடைத்தது. பின்னர் இம்முறை மாநிலம் எங்கும் பரவி, 1970-களின் தொடக்கம்வரை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எழக் காரணமாயிற்று. கோடி மறைந்த 1959-ஆம் ஆண்டிலேயே அவர் பெயரால் நிறுவப்பட்ட பயிற்சி நிலையத்துக்கு நம் நாட்டிலிருந்தும் குருக்களும் அருள்சகோதரியரும் சென்று பயின்று வந்துள்ளனர்.

நம் மாநிலத்துக்கும் இவ்வரலாற்றில் மதிப்பான இடம் உண்டு. 1892-இல் சென்னை அரசு, பிரடெரிக் நிக்கல்சன் என்னும் அதிகாரியை ஐரோப்பியக் கடன் சங்கங்களை ஆராயப் பணித்தது. 1895-லும் 1897-லும் வெளிவந்த அவருடைய அறிக்கைகள், ரைஃபைசனின் வழியையே நம் சிற்றூர்களுக்குப் பரிந்துரைத்தன. 1904-இல் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. 1929-இல் சென்னையில் மத்திய நில அடைமான வங்கி அமைந்தது. உழவர்கள் தங்கள் பழைய கடன்களைத் தீர்த்து நிலத்தை மீட்பதற்கு நெடுங்காலக் கடன் கொடுத்தது. கடனை அடைக்கக் கடனா என்று கேட்கத் தோன்றும். இறந்த ஈட்டை உயிருள்ள ஈடாக மாற்றும் முயற்சி என்று அதனைப் புரிந்துகொள்ளலாம்.

இன்றைய வங்கிக் கடன் இவ்விரண்டில் எந்த வகை? ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். 1,00,000 ரூபாய் கடன். ஆண்டு வட்டி 12 விழுக்காடு. காலம் 15 ஆண்டுகள் என்று எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். மாதத் தவணை 1,200 ரூபாய். முதல் மாதத் தவணையில் 1,000 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 200 ரூபாய்தான். ஐந்து ஆண்டுகளில் 72,000 ரூபாய் கட்டியபின்னும் அசலில் ஏறத்தாழ 83,600 ரூபாய் நிற்கும். ஆக, முதலாண்டுகளில் ஈடு பாதி உயிரோடுதான் இருக்கிறது. இதே குடும்பம் முதல் மாதத்திலிருந்தே 100 ரூபாய் கூடுதலாகக் கட்டி, அதனை வங்கி அசலில் வரவுவைத்தால், கடன் 2 ஆண்டு 8 மாதம் முன்னதாகவே தீரும். மொத்தத்தில் ஏறத்தாழ 24,000 ரூபாய் மிஞ்சும். அந்த நூறு ரூபாய் முழுவதும் அசலிலேயே கழிகிறது என்பதுதான் இதன் மறைபொருள். கடுங்காப்பி குடித்த நாள்களின் பால்காசு அந்த வீட்டில் செய்த வேலை அதுவே. அந்தப் பெண்மணி எந்தக் கல்லூரியிலும் பொருளியல் படித்தவர் அல்லர். ஆயினும் கூடுதலாகக் கட்டிய ஒவ்வொரு தொகையும் அசலில் வரவு வைக்கப்பட்டதா என்று வங்கியில் கேட்டு உறுதிசெய்திருக்கிறார். நோட்டில் ஒவ்வொன்றுக்கும் எதிரே சிறு சிலுவைக்குறி இருந்தது.

அரசர்கள் இரண்டாம் நூலின் நான்காம் அதிகாரத்தில் வரும் கைம்பெண் நினைவுக்கு வருகிறார். கடன்காரன் அவருடைய பிள்ளைகளைப் பிடித்துச்செல்ல வந்து நிற்கிறான். வீட்டில் இருப்பது சிறிதளவு எண்ணெய் மட்டுமே. இறைவாக்கினர் எலிசா அவரிடம் அண்டைவீட்டாரிடமெல்லாம் வெறும் பாத்திரங்களை இரவல் வாங்கிவரச் சொல்கிறார். எண்ணெய் பெருகுகிறது, பாத்திரங்கள் தீர்ந்ததும் நின்றுவிடுகிறது. எண்ணெயை விற்றுக் கடனை அடைத்து, எஞ்சியதில் பிள்ளைகளோடு வாழும்படி இறைவாக்கினர் கூறுகிறார். அந்தப் புதுமையின் அளவை நிர்ணயித்தவை அண்டைவீட்டார் தந்த பாத்திரங்களே. அவர்கள் கொடுத்திருந்தால் இன்னும் பெருகியிருக்கும். பாத்திரம் கொடுக்க மறுத்த வீடு எதுவும் அந்த ஊரில் இருந்ததா என்பது எழுதப்படவில்லை.

இனி, நான் கடைசியில் சொல்வதாகக் கூறியது. அந்தக் கணக்கு நோட்டுகளில் நான்கு ஆண்டுகளுக்கு முந்திய ஒன்றைப் புரட்டியபோது, மாதந்தோறும் ஒரே வரி திரும்பத்திரும்ப வந்தது: 'திருவிழா வரி, அடுத்த மாதம்.' அவ்வாண்டு மழை மிகுதியால் கடைக்கு வருவோர் குறைந்திருந்தனர். ஏழு மாதம் அந்த வரி இடம் மாறிக்கொண்டே வந்து, எட்டாம் மாதம் 'கட்டியாயிற்று' என்று முடிந்திருந்தது. அந்த மாதத்தை நான் அறிவேன். ஞாயிறு திருப்பலிக்குப்பின் வரிபாக்கி வைத்தோரின் பெயர்ப் பட்டியலைப் பீடத்தருகே நின்று வாசித்தவன் நானே. தேருக்கும் வாணவேடிக்கைக்கும் பணம் போதவில்லை என்று அன்று சற்றுக் கடுமையாகவே பேசினேன். அதற்கு முந்திய தவக்காலத்தில் எளிமையான வாழ்வு பற்றி மறையுரை ஆற்றியதும் நானே. எவரிடம் அதைச் சொன்னேன் என்பதை அந்த நோட்டைப் பார்க்கும்வரை நான் அறிந்திருக்கவில்லை.

நான் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். அவர் திகைத்து, "அதெல்லாம் ஒன்றுமில்லை சாமி, கோயிலுக்குக் கொடுக்கிறது தானே" என்றார். அவருடைய பெருந்தன்மை என் பொறுப்பைக் குறைத்துவிடவில்லை. அந்த இல்லத்தின் மிச்சத்தில் ஒரு பகுதி வட்டிக்குப் போயிற்று. ஒரு பகுதி அசலில் கழிந்தது. ஒரு பகுதியை நான் வானத்தில் வெடிக்கச் செய்தேன்.

சிக்கனம் நல்ல பண்பு என்று நாம் போதிக்கிறோம்; போதிக்கத்தான் வேண்டும். ஆனால் அப்படிப் போதிக்கும்போதெல்லாம், மிச்சப்படுத்திய காசு யாரிடம் போய்ச் சேர்கிறது என்னும் கேள்வியையும் கூடவே கேட்க வேண்டும் என்பதே இந்த வரலாறு எனக்குச் சொல்லித்தருவது. வீட்டில் கடைசியாக உண்பவர் யார் என்றும் கேட்க வேண்டும். தூர் சங்கத்தின் ஆயர்கள் மடங்களிடம் கேட்டது அதைத்தான். டாம்கின்ஸ் தம் குருமனையை நூலகமாக்கியதும் அதற்கு அவர் தந்த விடை.

எங்கள் பங்குப்பேரவையில் இதுபற்றிப் பேசினோம். பாக்கிப் பட்டியலை வாசிக்கும் வழக்கத்தை நிறுத்தினோம். திருவிழாச் செலவைக் குறைக்க ஒருமனதான முடிவு இன்னும் எட்டப்படவில்லை, பேசிக்கொண்டிருக்கிறோம். திங்கள்கிழமை மாலைகளில் குருமனைக் கூடத்தில் சில குடும்பங்கள் தங்கள் கடன் பத்திரங்களையும் வங்கிப் புத்தகங்களையும் கொண்டுவந்து ஒன்றாக அமர்ந்து படிக்கின்றன. ஒற்றி வைத்தோரும் உண்டு. நகை வைத்தோரும் உண்டு. பாடம் நடத்துபவர் அந்தத் தையற்காரப் பெண்மணி. நான் ஓரத்தில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.